பூண்டுச் சாறும் வாலை மடக்கிய டியூபும்

என் கிளினிக் கதவைத் திறந்து வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கால்களை அகட்டி நின்றபடியே பேசினார். சாப்பாடு டெலிவரி வேலை; நாள் முழுக்க வண்டி, ஜீன்ஸ், வியர்வை. தொடை இடுக்கில் படர்தாமரை, பூஞ்சையால் வருவது. வீடியோவில் பார்த்துவிட்டு, பூண்டை நசுக்கி வைத்து ராத்திரி முழுக்கத் துணி கட்டியிருக்கிறார். விடிந்தால் கொப்புளம். வளையத்தின் சிவப்பு விளிம்பு அப்படியே இருந்தது, நடுவில் தோல்தான் வெந்துபோயிருந்தது.

பூண்டிலுள்ள அல்லிசின் ஆய்வகத்தில் பூஞ்சையை அடக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் காரத்துக்குப் பூஞ்சை எது, தோல் எது என்று தெரியாது. சுண்ணாம்பும் எலுமிச்சையும் இதே ரகம். மஞ்சள் அவ்வளவு கெடுதல் செய்யாது; ஆனால் பூசிக்கொண்டு வந்தால் நான் தேடும் சிவப்பு விளிம்பு அதில் மறைந்துவிடும்.

பாட்டி வைத்தியம் எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். சீமை அகத்தி இலையில் பூஞ்சைக்கு எதிரான பொருட்கள் உண்டு. அதற்கு வண்டுகொல்லி என்றும் சும்மாவா பெயர் வைத்தார்கள்? பிலிப்பைன்ஸில் அதே இலையில் சோப்பு செய்து விற்கிறார்கள். ஆனால் வயிறு, முதுகு என்று பரவிய பிறகு இலையை அரைத்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

பூண்டைவிட நான் பயப்படுவது, ஃபிரிட்ஜ் கதவில் வாலை மடக்கி வைத்த அந்தக் களிம்பு டியூபுக்கு. பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன். இவை ஸ்டீராய்டுகள். ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். தோலின் எதிர்ப்பு படுத்துவிட்டதால் பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட நமைச்சல். மறுபடி அதே டியூப். இப்படி உருமாறிய படர்தாமரைக்கு 1968-லேயே ‘டீனியா இன்காக்னிட்டோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், மாறுவேடத்தில் இருப்பது என்று அர்த்தம். அந்தக் களிம்பால் தொடையில் விழும் வரித்தழும்பு மங்கலாம், முழுதாகப் போகாது.

போதாக்குறைக்கு, டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை இப்போது இங்கே பரவலாக இருக்கிறது. பூஞ்சைதானா என்று சந்தேகம் இருந்தால் விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் நேராக வந்துவிடுவது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது வேறு. குளித்ததும் இடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள். உள்ளாடையைத் தனியாகத் துவைத்து, திருப்பிப் போட்டு வெயிலில் காயவையுங்கள். எழுதித் தரும் மருந்தை வளையத்துக்கு வெளியே ரெண்டு விரல் அகலம் தள்ளியும் பூச வேண்டும். அரிப்பு நின்ற அன்றே மருந்தையும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது 2 வாரம் தொடர வேண்டும்.

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“தம்பிக்கு இருக்கு சார். ரெண்டு பேருக்கும் ஒரே துண்டுதான்.”

அடுத்த முறை தம்பியையும் அம்மாவையும் கூட்டி வந்தார். துண்டு ரெண்டானது. மகனின் இடுப்பில் ஈரம் காயாத அரைஞாண் கயிற்றை அவிழ்க்கத்தான் அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில், “புண்ணு ஆறினதும் புதுசா கட்டிக்கலாம்மா” என்றேன். அம்மாவே கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார்.