நோய் மீனுக்கா, தண்ணீருக்கா?

மீன் சோர்ந்து ஒரு மூலையில் ஒதுங்கியதும் பலர் முதலில் தேடுவது மருந்துப் புட்டியை. கைப்பேசிப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டி, நீல மருந்தோ பச்சை மருந்தோ வாங்கிவந்து ஊற்றிவிடுகிறார்கள். எங்கள் பார்வைக்கு வரும் தொட்டிகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் கெட்டிருக்கிறது, கிருமி அதன் பின்னால் வந்திருக்கிறது. கெட்ட தண்ணீரில் ஊற்றும் மருந்து, மூச்சுத் திணறும் மீனுக்கு இன்னொரு சுமை. ஃபார்மலின் கலந்த மருந்து தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையே குறைத்துவிடும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை மீன், எவ்வளவு நேரத்தில் என்பதைத்தான். வெவ்வேறு இன மீன்கள் எல்லாம் ஒரே நாளில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது தண்ணீர்க் கோளாறு. ஒரே இனத்தில் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, சில நாள் இடைவெளியில் விழுந்தால் தொற்று. கடந்த இரண்டு வாரத்தில் புதிய மீனோ செடியோ உள்ளே போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மீன்கள் தெம்பாக நீந்த, இறால் மட்டும் செத்தால் செம்பு கலந்த மருந்தையோ பூச்சிக்கொல்லியையோ நினைக்க வேண்டும். விடியற்காலையில் திணறி, விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் தேறிவிட்டால் ஆக்சிஜன் பற்றாக்குறை. செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அல்லவா? 30 டிகிரித் தண்ணீர் எவ்வளவு கலக்கினாலும் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். நம் சிங்கப்பூர் வெயிலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறைத் தொட்டி 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். விளிம்பில் சின்ன மின்விசிறி ஒன்றை மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் நீரைத்தான் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து அளவீடு. காகிதப் பட்டையை நம்பிப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில, கார அளவு), கேஎச் (பிஎச் சரியாமல் தாங்கும் கார்பனேட் அளவு) ஐந்தையும் பாருங்கள். நைட்ரேட் சோதனையில் பலர் கோட்டைவிடுவது இரண்டாவது புட்டியில்தான். அதில் அடியில் படிந்திருப்பதை அரை நிமிடமாவது வலுவாகக் குலுக்கிக் கலக்காவிட்டால், 80 இருக்கும் தொட்டியும் 10 என்று காட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே: பழகிய தொட்டியில் எதிர்பார்க்க வேண்டியது இது.

அம்மோனியா எண்ணைத் தனியாகப் படித்தால் ஏமாந்துபோவோம். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும்தான் முடிவுசெய்கின்றன. 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. பிஎச் 8 என்றால் நூற்றில் ஆறுக்கு மேல். அதாவது கிட்டில் அதே 1 மில்லிகிராம், ஆனால் விஷம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

இதை இவ்வளவு விவரிக்கக் காரணம் நம் குழாய்த் தண்ணீர். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நீர் குடிக்க அருமையானது. ஆனால் அதில் கிருமிநீக்கத்துக்காக இருப்பது குளோரமின், பிஎச்சும் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும். பழைய நாள்களில் சொன்னதுபோல வாளியில் பிடித்து ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் அவ்வளவு லேசில் போகாது. மலிவான குளோரின் நீக்கி சிலவற்றில் இருப்பது வெறும் சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரினை உடைத்து அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். புட்டியில் ‘குளோரமின்’, ‘அம்மோனியா’ இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழாயிலிருந்து நேரே தொட்டிக்குள் நீர் விடுபவர்கள், மாற்றும் அளவுக்கு மட்டும் போடாமல் மொத்தத் தொட்டி அளவுக்கும் இந்த நீக்கியைப் போட்டுவிடுவது நல்லது.

இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு பெருஞ்சாவுக்கும் வேர் இங்கேதான். மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில் கேஎச் தேய்ந்து, பிஎச் 6-க்குக் கீழே இறங்கிவிடும். அமில மண்ணும் கெட்டப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் போட்ட தொட்டியில் இன்னும் சீக்கிரம். அந்த அளவில் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். பிஎச் குறைவாக இருப்பதால் அது கடிக்காது. மீன்களும் பார்வைக்கு நலமாகவே இருக்கும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொட்டி நினைவுக்கு வந்து, பாதித் தண்ணீரை மாற்றுவார்கள். புது நீரின் பிஎச் 8. சேர்ந்திருந்த அம்மோனியா அதே மணி நேரத்தில் நஞ்சாக மாறும். மறுநாள் காலையில் தொட்டியே காலி. பழி குழாய்த் தண்ணீர்மேல் விழும், அல்லது பாவம், மீன் விற்றவர்மேல். பிஎச் 6.2-க்குக் கீழே இருந்து அம்மோனியாவும் தெரிந்தால் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, அம்மோனியாவைக் கட்டும் மருந்தோடு. அம்மோனியா குறைந்த பிறகுதான் பவளத் துண்டுகளைச் சிறு பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்துக் கேஎச்சை ஏற்ற வேண்டும்.

அதே சுத்தம்செய்யும் வேகத்தில் வடிகட்டிப் பஞ்சையும் வளையங்களையும் குழாயடியில் அலசுவது இன்னொரு வினை. குளோரமின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில், ஒரு தடவைக்குப் பாதி. மின்சாரம் சில மணி நேரம் நின்று மூடிய கேனிஸ்டர் வடிகட்டி ஓடாமல் கிடந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.

நைட்ரைட் ஏறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பு. இதற்குச் சமையல் உப்பு கைகொடுக்கும், உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டை நுழையவிடாது. லிட்டருக்கு அரை கிராமே போதும். 60×30×36 சென்டிமீட்டர் தொட்டியைக் கணக்கிட்டால் 65 லிட்டர் வரும். மணல், கல், மேல் இடைவெளி போகச் சுமார் 55 லிட்டர். ஆக 28 கிராம். எல்லா மருந்துக்கும் இந்த உண்மையான கொள்ளளவை வைத்தே கணக்கிடுங்கள். கடையில் சொன்ன ‘இரண்டடித் தொட்டி’ கணக்கு உதவாது.

டெங்கிக்காகப் புளோக்கில் புகை அடிக்கும் நாளில் தொட்டியை மூடி, ஏர் பம்பை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். கொசுவர்த்திக்கும் இதே எச்சரிக்கை. இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மனிதனுக்கு அவ்வளவாகத் தெரியாது, மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீரில் விடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

தண்ணீர் சரி என்று தெரிந்த பிறகுதான் உடம்பைப் பார்க்கலாம். உப்புக்கல் ஒட்டியதுபோலத் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய். விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடிக்கும்போது பொன்தூள் தூவினாற்போல மினுங்கினால் அது வெல்வெட், வேறு ஒட்டுண்ணி. வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்டதுபோலவோ சாம்பல்வெள்ளைப் படலம் என்றால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இதைப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து போட்டே நாளைக் கடத்துகிறார்கள். உண்மையான பூஞ்சை பெரும்பாலும் காயத்தின்மேல்தான் வரும், பஞ்சுபோல நீட்டிக்கொண்டிருக்கும்.

வெண்புள்ளிக்குச் சூட்டை ஏற்று என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும். இங்கே ஏற்கெனவே 29, 30. அந்தப் படலம் காலம்னாரிஸாக இருந்தால் சூடு அதை ஒரே நாளில் பரப்பிவிடும். அடையாளம் உறுதியாகும்வரை வெப்பத்தைத் தொடாதீர்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. உதிர்ந்து, அடியில் பிளந்து, நூற்றுக்கணக்கில் நீந்தி வரும் குஞ்சுகளைத்தான் மருந்து கொல்லும். நம் வெப்பத்தில் இந்தச் சுற்று சுமார் 3 முதல் 5 நாள். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் திரும்பும். கடைசிப் புள்ளி போன பிறகும் மூன்று நாளாவது தொடருங்கள். மருந்து போடும்முன் கரித்துண்டுகளை வடிகட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே மருந்தைக் குடித்துவிடும். காற்றுக்கல்லைக் கூடுதலாக ஓடவிடுங்கள். மலகைட் பச்சை என்ற மருந்து, கோரிடோராஸ் போன்ற செதிலற்ற மீன்களுக்குப் பாதி அளவே.

ஒரு செவுளை மட்டும் மூடி வைத்துக்கொண்டு கல்லில் உரசும் மீனுக்குச் செவுள் புழு இருக்கலாம். பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம். முட்டை அதற்கு அசையாது, எனவே ஒரு வாரத்தில் மறுபடி. கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் எட்டிப்பார்த்தால் அது உருளைப்புழு. அதற்குப் பிராசிகுவாண்டல் வேலை செய்யாது, லெவாமிசோல் வேண்டும். செதில்கள் சிலிர்த்து வயிறு உப்பிய மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தனித்தொட்டிக்கு மாற்றி மற்றவற்றைக் காப்பதே மேல்.

சிராங்கூன் நார்த் கடையிலோ கிளமெண்டி கடையிலோ வாங்கிவந்த மீனை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான்கு வாரம் வேறு தொட்டியில் வையுங்கள். அதற்கென்று தனி வலை, தனி வாளி. வலை காய்ந்த பிறகே வேறு தொட்டிக்கு. வளர்க்க முடியாத மீனை நீர்த்தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம். நோயுற்றதென்றால் அங்குள்ள மீன்களுக்கும் பரவும்.

மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகும் தொட்டியில் கையை விடும்போது மட்டும் நீளக் கையுறை போடுங்கள். மீன்களின் காசநோய்க் கிருமிகளில் ஒன்றான மைக்கோபாக்டீரியம் மாரினம் விரல் கீறல் வழியே மனிதனுக்கும் வரும். கையில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி தோன்றினால், மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படலாம், தொட்டி விவரம் தெரியாமல் அதை யூகிப்பது அவருக்கும் கடினம்.