பேக்கேஜ் என்றால் பொதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். கறுப்புத் திரையில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று அடித்து, “இப்படித்தான் ஒரு பேக்கேஜை, அதாவது கட்டிவைத்த மென்பொருளை, இறக்கணும்” என்றதும் ஒருவன் கேட்டான்: “தாபாவ் மாதிரியா அண்ணே?”

சிரித்துவிட்டேன். ஆனால் பையன் சொன்னதில் பிழையில்லை. ஒட்டுக்கடையில் சாப்பாட்டைக் கட்டித்தரச் சொல்லி நாம் கேட்கும் தாபாவ் சீனச் சொல். மூட்டை கட்டுவது என்று பொருள். மலாயில் புங்குஸ். ஆங்கிலப் ‘பேக்கேஜ்’ பிறந்த ‘பேக்’கும் மூட்டைதான், இடைக்கால டச்சு, கீழ்ஜெர்மன் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

தமிழில் சிலர் ‘தொகுப்பு’ என்கிறார்கள், சிலர் ‘பொதி’ என்கிறார்கள். என் வாக்கு பொதிக்கே. தொகுப்பு என்றால் சேர்த்து வைத்தது, கவிதைக்குச் சரி. பொதியில் கட்டும் உண்டு, சுமையும் உண்டு. மாட்டின் முதுகில் ஏற்றியதும் பொதி, கட்டிக்கொண்டு போன சோறும் பொதி. வினையாகவும் வரும்: ‘பொன்போற் பொதிந்து’ என்கிறது 155ஆம் குறள். ‘பொட்டலம்’ கடலையோடு நிற்கட்டும்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு ‘டெப்’ பொதியைப் பிரித்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் பொருத்தம் தெரியும். உள்ளே மூன்று உருப்படிகள்: பொதி எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்ற சிறு குறிப்பு, ஒரு சீட்டு, பிறகு சரக்கு. சீட்டில் பெயர், பதிப்பு எண், இது ஓட வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்ற விவரம். இந்தத் தேவையைத்தான் ‘சார்பு’ என்கிறோம். டி-பேக்கேஜ் என்ற அடிப்படைக் கருவி சார்பு இல்லையென்றால் முறையிட்டுவிட்டு நின்றுவிடும். நாம் முதலில் அடித்த கட்டளையிலிருக்கும் ஆப்ட் அந்தச் சீட்டைப் படித்து, விடுபட்டவற்றைப் பொதிகள் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து தானே வரவழைக்கும். 1999இல் வந்த டெபியன் 2.1இல்தான் அது சேர்ந்தது.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று. ‘ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தின் சரக்குப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். நிறுவியவற்றுக்குப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் ‘அப்கிரேட்’. முதலாவதைப் ‘பட்டியல் புதுப்பி’ என்றும், இரண்டாவதை ‘மேம்படுத்து’ என்றும் பலகையில் எழுதிப் போட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

‘பேக்கேஜ் மேனேஜர்’ என்பதைப் ‘பொதி மேலாளர்’ என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஊரில் மேனேஜர் என்றால் தோட்டத்துத் துரைதான் கண்முன் வந்து நிற்கிறார். ‘பொதி மேலாண்மைக் கருவி’ என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.