மழை பெய்த நாளிலிருந்து எண்ணுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். டிங்கி (டெங்கு) காய்ச்சல் எப்போது, எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். மழைக் கணக்கும் போன வருடத்துக் காய்ச்சல் வரைபடமும் கையில் இருந்தால் போதும்.

முட்டை நனைந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள். நோயாளியைக் கடித்தபின் கிருமி அதன் உடலில் பெருகி, அடுத்தவருக்குத் தொற்ற இன்னும் 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம். இன்று கிளினிக்கில் கூட்டம் என்றால், அதற்கான மழை போன மாதமே பெய்துவிட்டது. அப்போது புகை அடித்தால் பறக்கும் கொசுதான் சாகும், புழு தப்பிவிடும்.

இனி வரைபடம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது. அதனால் போன வருடம் காய்ச்சல் கண்ட அதே வரிசை வீடுகளுக்குத்தான் முதலில் போவேன். ஒரு லயத்தில் ஓர் அம்மா, "நேத்துதான் தண்ணிய ஊத்துனேன் தம்பி" என்று வாளியைக் காட்டினார். காய்ந்துதான் கிடந்தது. உள்பக்கம் டார்ச் அடித்தேன். பழைய நீர்மட்டத்தில் மிளகுத்தூள் ஒட்டியது போல முட்டைகள். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஊற்றினால் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் கித்தா காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். பால் வெட்டாத நிரைகளில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைக் கவிழ்க்காமல் விட்டால், மழைக்குப் பிறகு ஒவ்வொன்றும் ஒரு குளம்.

வரைபடமும் ஏமாற்றும். டிங்கி கிருமி நான்கு வகை. ஒரு வகை வந்து போன ஊரில் வேறொரு வகை தலைகாட்டினால், பழைய எதிர்ப்புச் சக்தி அதைத் தடுக்காது.

நிலம் மாறினாலும் கணக்கு மாறும். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவில் இதைக் கண்டார். கரையோரத் தோட்டங்களில் காட்டை வெட்டி வடிகால் போட்டதும் காய்ச்சல் குறைந்தது. மலைத் தோட்டங்களில் வெட்டியதும் கூடியது, அங்குள்ள கொசு வெயில் படும் ஓடையில் முட்டையிடுவது. எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்த மலைத் தோட்டங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தன! இன்று கித்தா மரம் சாய்ந்து தாமான் (குடியிருப்பு) எழும் இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

உங்கள் வரிசையில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால், மூன்றாமவருக்குக் காத்திராமல் அன்றே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.