டிராக்டர் போனால் உங்கள் காரும் போகுமா?

மாரி தொடங்கி வீதிகளில் வெள்ளம் ஏறியதும் எங்கள் கராஜுக்குக் கட்டி இழுத்து வருகிற வாகனங்களோடு ஒரே கதைதான் வருகிறது: “முன்னால டிராக்டர் போச்சு, நானும் விட்டன்.” இந்த வாரம் மட்டக்களப்பின் கிரான் பக்கமிருந்து ஒரு கார். ஆட்கள் தப்பிவிட்டார்கள், சரி. எத்தனை தரம்தான் இதையே கேட்பது?

பாரமான வாகனத்தை வெள்ளம் அசைக்காது என்று யார் சொல்லித் தந்தார்களோ! எவ்வளவு தண்ணீரை வாகனம் விலக்குகிறதோ, அவ்வளவு பாரம் குறைந்து அது மேலே எழும்பும். கார் என்பது அடைத்த பெட்டி. ஓரடித் தண்ணீரிலேயே சின்னக் கார்கள் மிதக்கத் தொடங்கும். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் கெப் (பிக்கப்) வாகனமும் போய்விடும். டிராக்டருக்குப் பெரிய டயர்தான், ஆனால் அதற்குள் இருப்பதும் காற்றுத்தானே? பின்னால் கொளுவிய பெட்டியின் பக்கப்பலகையில் ஓட்டம் முழுதாக அடிக்கும். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளோடு அடித்துச் செல்லப்பட்டதும் டிராக்டர்தான். அதற்குப் பிறகுமா இந்தக் கதை?

காலையில் கடந்தேன் என்பதும் கணக்கில் வராது. உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ மிஞ்சின தண்ணீரை வெளியே விடும் வான் கதவைத் திறந்தால், உங்கள் ஊரில் ஒரு துளி மழை இல்லாமலே கீழே தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயும்படி தாழ்வாகக் கட்டிய வீதி) தண்ணீர் ஏறும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கலங்கல் தண்ணீருக்குக் கீழே ரோட்டோரம் அரித்துப் போயிருந்தால், தினமும் அதில் ஓடுகிறவருக்கும் தெரியாது.

தார் கண்ணுக்குத் தெரியவில்லையா, திருப்புங்கள். தண்ணீர் ஓடுகிறதென்றால் ஆழம் பார்க்கவே இறங்க வேண்டாம். நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். (எங்களுக்கு வேலை, உங்களுக்குச் செலவு.) வாகனத்தைத் தண்ணீர் சூழ்ந்து ஏறினால் கதவோடு மல்லுக்கட்டாமல் பெல்ட்டைக் கழற்றி, உடனே கண்ணாடியை இறக்கி அதனூடாக வெளியேறுங்கள். பவர் கண்ணாடி பிறகு இறங்காமலும் போகும்.

டிராக்டர் வைத்திருக்கிற தம்பிமாருக்கு ஒன்று. கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூடினால் படகு விடுகிறார்கள். சனம் கெஞ்சும், காசும் தரும். படகு வரச் சுணங்கினாலும் பரவாயில்லை, பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றாதீர்கள்.