ஸ்பீட் கேமரா கடிதம் வந்தால் கோர்ட்டுக்குப் போகலாமா? இங்கிலாந்தில் வண்டி ஓட்டும் தமிழர்களுக்கு

கேமராவில் மாட்டியதாக ஒரு கடிதம் வந்தால், முதலில் அதை அனுப்பியது கவுன்சிலா போலீஸா என்று பாருங்கள். இது தெரியாமல்தான் நம்மில் பலர் எதிர்த்துப் போராட வேண்டிய இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, கட்டிவிட வேண்டிய இடத்தில் கோர்ட்டுக்குப் போகிறார்கள். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

பஸ் லேனில் போனது, மஞ்சள் கட்டத்துக்குள் நின்றது போன்றவற்றுக்குக் கவுன்சிலிடமிருந்து வருவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். இது குற்ற வழக்கு இல்லை, லைசன்ஸில் பாயின்ட்டும் (தண்டனைப் புள்ளி) ஏறாது. உங்களிடம் நியாயம் இருந்தால் முதலில் கவுன்சிலுக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் தனி ட்ரிப்யூனலுக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அதிகம் போனால், சீக்கிரம் கட்டினால் கிடைக்கும் பாதி விலைச் சலுகை போகும், அவ்வளவுதான். சொல்ல நல்ல காரணம் இருந்தால் தயங்காமல் எதிர்க்கலாம்.

போலீஸிடமிருந்து வருவது வேறு கதை. வேகமாகப் போனதற்கும் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கும் வரும் அந்தக் கடிதத்துடன் ஒரு படிவம் இருக்கும். அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று அது கேட்கும். 28 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ஓட்டியது நான்தான் என்று எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. அதற்குப் பிறகும் வழக்கை எதிர்க்கலாம்.

பதில் போடாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. கடிதம் புரியவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டால், யார் ஓட்டியது என்று சொல்லாததே தனிக் குற்றமாகிவிடும். அதற்கு 6 பாயின்ட், 1000 பவுண்ட் வரை அபராதம். 3 பாயின்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 பாயின்ட் வந்தால் லைசன்ஸே ரத்து, மறுபடி ப்ரொவிஷனலில் (பழகுநர் லைசன்ஸ்) இருந்து தொடங்க வேண்டும். டெலிவரியோ மினிகேப்போ ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

பாயின்ட்டைத் தவிர்க்க மனைவி பெயரையோ மச்சான் பெயரையோ எழுதிக் கொடுக்கும் யோசனையும் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன் 2003-இல் தன் ஸ்பீடிங் பாயின்ட்டை மனைவி விக்கி பிரைஸ் பெயரில் ஏற்றினார். பத்து வருடம் கழித்து, 2013-இல், இருவருக்கும் தலா 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

படிவத்தைத் திருப்பி அனுப்பியதும் என்ன வரும் என்பது வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 மைல் எல்லை உள்ள சாலையில் 35 முதல் 42 வரை என்றால், பெரும்பாலும் ஸ்பீட் அவேர்னஸ் வகுப்பு (வேகத்தின் ஆபத்தைப் புரியவைக்கும் வகுப்பு) கிடைக்கும், கடந்த மூன்று வருடத்தில் அதற்குப் போகாதவராக இருந்தால். கட்டணம் உண்டு, பாயின்ட் கிடையாது. அதற்கு மேல் என்றால் 100 பவுண்டும் 3 பாயின்ட்டும். 50-ஐத் தொட்டுவிட்டால் வழக்கமாக நேரே கோர்ட்தான். வகுப்பு கொடுத்தால், வேகமாகப் போனது உண்மை என்றால், எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கிறேன் என்று போய்விட்டால் அந்த வாய்ப்பு கையை விட்டுப் போய்விடும்.

கோர்ட்டில் தோற்றால் கணக்கு எப்படி ஏறும் என்று பாருங்கள். வரி போக வாரம் 600 பவுண்ட் சம்பாதிப்பவர், 30 மைல் சாலையில் 38-இல் போனார். கோர்ட் அபராதம் வார வருமானத்தில் சுமார் பாதி, அதாவது 300. அதில் 40 சதவீதம் சர்சார்ஜ் (அபராதத்தோடு சேரும் கூடுதல் கட்டணம்), இன்னொரு 120. அதோடு அரசுத் தரப்பின் வழக்குச் செலவு, விசாரணை வரை போனால் பல நூறு பவுண்ட். பாயின்ட் அதே 3-தான். வக்கீல் வைத்தால் அந்தச் செலவு தனி. ஜெயித்தாலும் வக்கீல் பணம் முழுதாகத் திரும்பாது.

அப்படியானால் எப்போது போராடலாம்? வண்டி உங்களுடையதே இல்லை, யாரோ உங்கள் நம்பர் பிளேட்டைப் போலியாகப் போட்டு ஓட்டுகிறார்கள் என்றால் கண்டிப்பாக. சம்பவம் நடந்து 14 நாளுக்குள் பதிவு உரிமையாளருக்கு முதல் நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்றாலும் அது வலுவான காரணம். ஆனால் இந்த 14 நாள் விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. கம்பெனி வண்டியோ லீஸ் வண்டியோ என்றால் 14 நாள் கணக்கு அந்தக் கம்பெனிக்கு வந்த கடிதத்துக்குத்தான், பிறகு உங்களுக்கு வருவதற்கு அல்ல. வீடு மாறி லாக்புக்கில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) முகவரியை மாற்றாமல் இருந்தாலும் இந்த வாதம் நிற்காது.

வேகமே தப்பாகக் காட்டுகிறது என்றால் போட்டோவைக் கேட்டுப் பாருங்கள். ரேடாரால் வேகத்தை அளக்கும் காட்சோ வகைக் கேமரா அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். சாலையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பதே அதற்காகத்தான். முதல் படத்தில் சக்கரம் எந்தக் கோட்டில், இரண்டாவதில் எந்தக் கோட்டில் என்று எண்ணினால் போன தூரம் தெரிந்துவிடும். அரை வினாடியில் 30 மைல் வேகம் என்றால் சுமார் 6.7 மீட்டர், 40 என்றால் சுமார் 8.9 மீட்டர். ரேடார் சொன்னதும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. ஒத்துப்போனால் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ரோட்டில் யாருமே இல்லை, கேமரா மரத்துக்குப் பின்னால் இருந்தது, எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள், கடிதத்தில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு: இவை எதுவும் எடுபடாது. 30 மைல் போர்டையே பார்க்கவில்லை என்பதும் அப்படித்தான். தெருவிளக்குகள் நெருக்கமாக உள்ள சாலையில், வேறு போர்டு இல்லாவிட்டால், 30-தான் எல்லை (வேல்ஸில் பெரும்பாலும் 20). வழியெங்கும் அதைத் திரும்பத் திரும்ப எழுதி வைக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பது என்று முடிவு செய்தால், கோர்ட்டிலிருந்து வரும் சிங்கிள் ஜஸ்டிஸ் நோட்டீஸுக்கு (குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும் கடிதம்) 21 நாளுக்குள் குற்றமற்றவர் என்று பதில் கொடுங்கள். ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். தேவைப்படுபவருக்குக் கோர்ட் தன் செலவில் ஏற்பாடு செய்யும். எந்தக் கடிதமும் கைக்கு வராமலே தண்டனை விழுந்துவிட்டதா? அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் கோர்ட்டில் ஸ்டாச்சுட்டரி டெக்ளரேஷன் (வழக்கே தெரியாது என்று சட்டப்படி உறுதிமொழி) கொடுத்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.