உதிர்வதற்கென்றே ஒரு பூச்சு

புதுச்சேரியின் டூமாஸ் வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. சுவரின் அடிப்பகுதி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை. பல வீடுகளில் அங்கே பெயிண்ட் உப்பியிருக்கும், பூச்சு பொரிந்திருக்கும், விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். கடலோரத்தில் செங்கல் வீடு கட்டுவதன் சிக்கல் எல்லாம் அந்த மூன்று அடிக்குள்தான் இருக்கிறது.

1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக் கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். தெருவை ஒட்டி உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், வளைவுகள் தாங்கிய தாழ்வாரம், பலகைச் சட்டம் அடித்த நீள ஜன்னல்கள். வடிவம் பிரெஞ்சு. ஆனால் செங்கல், சுண்ணாம்பு, கூரை போடும் முறை எல்லாம் இந்தக் கரையுடையவை. வீடு நிற்பது அவற்றால்தான்.

செங்கல் பார்க்கத்தான் கெட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. மண்ணில் இருக்கும் ஈரம் அந்தத் துளைகள் வழியே தானாக மேலே ஏறும். கடற்கரை மண்ணென்றால் ஈரத்தோடு உப்பும் ஏறும். போதாததற்குக் கடற்காற்று வேறு அலைத் துளிகளின் உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்புகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது.

சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோர ஊரில் ஈரப்பதம் இந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். இரவில் கரைவது பகல் வெயிலில் படிகமாகிறது. துளைக்குள் படிகம் வளரும்போது பக்கச் சுவர்களை நெம்புகிறது. மழையே பெய்யாவிட்டாலும் இந்த நெம்பல் நிற்காது.

சரி, உப்பு வருவதைத் தடுக்க முடியாது. அது எந்த இடத்தில் படிகமாகிறது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். ஈரம் எங்கே காய்கிறதோ அங்கேதான் படிகம். வெளிப்பரப்பில் காய்ந்தால் வெள்ளைப் பூப்போல நிற்கும், துடைத்துவிடலாம். பூச்சுக்குள் காய்ந்தால் பூச்சு உதிரும். செங்கலுக்குள்ளேயே காய்ந்தால் செங்கல் மாவாகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தன் வழியாக விட்டு, தானே காயும் இடமாகிவிடுகிறது. உப்பை வாங்கிக்கொண்டு சில காலத்தில் உதிர்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் போதும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. கோழை என்று நாம் நினைக்கும் பூச்சுதான் இங்கே பாதுகாவலன்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு அரைத்துப் பூசினால், விட்ட வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது வெறும் சடங்கல்ல; சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். இன்னொரு வசதி, மயிரிழை விரிசல் விட்டால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து விரிசலுக்குள் படிய வைக்கும். சிறு காயத்தைச் சுவரே ஆற்றிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது சிமென்ட். "உறுதியா இருக்கட்டும்" என்று பழைய சுவரில் சிமென்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு செங்கலுக்கும் பூச்சுக்கும் நடுவில் படிகிறது. சில வருடம் கழித்துப் பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அப்போதும் பழி பழைய செங்கல் மீதுதான் விழும்.

கூரை தனி அழகு. மெட்ராஸ் டெரஸ் என்ற இந்த முறையில் தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னஞ்சிறு மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக அடுக்குவார்கள். ஒரு மூலையில் தொடங்கினால் முதல் வரிசைக்குச் சில கற்களே போதும். அது இறுகியதும் அடுத்த வரிசை அதன் மேல் சாய்ந்துகொள்ளும். கீழே பலகை அடைக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டையான ஓடு பதிப்பார்கள். கம்பியே இல்லை என்பதால் கான்கிரீட் வீடுகளை அரிக்கும் துரு இங்கே கிடையாது.

பலவீனம் உத்தரத்தின் நுனியில். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த மரம் ஈரத்தில் இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் ஏறும். ஒழுகுகிறதே என்று மேலே சிமென்ட் தளம் போட்டால், இற்ற மரத்தின் மேல் பாரமும் கூடுகிறது. கடற்கரைச் சாலையில் 1870-71-ல் கட்டப்பட்ட மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகரமன்றம்), ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதை மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள்.

இப்போது பழுதுபார்ப்பவர்கள் முதலில் செய்வது சிமென்ட்டைச் சுரண்டி எடுப்பது. பிறகு சுவரைக் காய விடுகிறார்கள், இதற்குத்தான் பொறுமை வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு. புதுப் பூச்சைச் சில நாள் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். வேலை எல்லாம் சரியாக முடிந்த பிறகு சுற்றுலாவுக்காக மேலே பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால், சிமென்ட் செய்த அதே வேலையை அதுவும் செய்யும். மஞ்சள்தான் வேண்டுமென்றால் சுண்ணாம்பில் மஞ்சள் காவிமண்ணைக் கலந்து அடிக்கலாம். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.