பழுப்பு ஃபேர்வேயும் லூகர்ஸ் ஸ்டேஷனும்: ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆட வருகிறவர்களுக்கு

இந்தக் கோடையிலும் அதே கேள்விதான். "இவ்வளவு காசு வாங்குறீங்க, புல்லுக்குத் தண்ணி விடமாட்டீங்களா?" ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், கடலோர கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்தரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று நம் ஆட்கள் இப்போது நிறைய வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் போன வாரம் ஒரு குழு நடு ஃபேர்வேயில் (பந்து அடித்துக்கொண்டு போகும் புல்வெளிப் பாதையில்) நின்று "இவனுங்க மைதானத்தைச் சாகவிட்டுட்டானுங்க" என்று சத்தமாகவே பேசிக்கொண்டது. அதைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

புல் பழுப்பாகியிருந்தால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இங்கே இருப்பது ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல். அடியில் கடற்கரை மணல். மழை இல்லாத வாரங்களில் இலையைக் காயவிட்டு, உயிரை அடித்தண்டில் வைத்துக்கொண்டு தூங்கும். ஒரு நல்ல மழை போதும், மறுபடி பச்சை வந்துவிடும். நம்பாதவர்களுக்கு நான் மண் எடுக்கும் குழாயைத் தரையில் இறக்கி ஒரு துண்டு எடுத்துக் காட்டுவேன். மேலே வைக்கோல் நிறம். அதை இரண்டு விரலால் விலக்கினால், மண்ணை ஒட்டிய இடத்தில் வெளிர்பச்சைக் குருத்து. அதற்குக் கீழே மணலுக்குள் நூல் நூலாக வேர். செத்த புல்லில் அந்தப் பச்சைக் குருத்து இருக்காது.

"ஸ்காட்லாந்தில்தான் எப்பவும் மழையாச்சே" என்பார்கள். மேற்குக் கரையில் சரி. நாங்கள் இருக்கும் கிழக்குக் கரையில் வருடத்துக்குப் பெய்யும் மழை சென்னை மழையில் ஏறத்தாழ பாதிதான். அதுவும் மணலில் நிற்காமல் இறங்கிவிடும்.

சரி, தண்ணீர் விட்டால் என்ன? அதுதான் முக்கியம். தினம் கொஞ்சம் தண்ணீரும் நிறைய தழைச்சத்தும் கொடுத்தால் ஃபெஸ்க்யூ பின்வாங்கும். போவா ஆனுவா என்ற களைப்புல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். வேர் மேலாக இருப்பதால் நாலு நாள் வெயில் தாங்காது, குளிர்காலத்தில் முதலில் பூஞ்சை பிடிப்பதும் அதற்குத்தான். அப்புறம் மருந்து, அப்புறம் இன்னும் தண்ணீர். பச்சையாக்குவது எங்களுக்குக் கஷ்டமில்லை. ஆக்காமல் இருப்பதுதான் வேலை. 2018இல் இதே ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் கோல்ஃப் போட்டியை டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வெளுத்துக் கிடந்த ஃபேர்வேயில் பந்து எவ்வளவு தூரம் உருண்டது! உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அந்தப் பழுப்பு நிறத் தரையில்தான் ஆடினார்கள். இத்தாலிக்காரர் மொலினாரி வென்றார். இந்தக் காய்ந்த, இறுகிய தரையில் பந்து உருண்டோடுவதுதான் கடலோர கோல்ஃப்.

தயவுசெய்து ஊர் மைதானத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகம்புல்தான் ஊரில் பெரும்பாலான ஃபேர்வே. பெர்முடா புல் என்று உலகம் சொல்வதும் அதுதான். அடித்துப் பெயர்த்த இடத்தை அது தானே ஓடி மூடிக்கொள்ளும். ஃபெஸ்க்யூ அப்படிப் பரவாது. நீங்கள் பெயர்த்த இடம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், குளிர் வந்துவிட்டால் மாதக்கணக்கு. எனவே டிவட்டை, அதாவது அடிக்கும்போது பெயர்ந்து வரும் புல்துண்டை, அப்படியே விட்டுப் போகாதீர்கள். முழுதாக வந்தால் திரும்ப வைத்து மிதியுங்கள். தூளாகிவிட்டால் விதை கலந்த மணல் போடுங்கள். எது வழக்கம் என்று ஸ்டார்டரிடம் (ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவரிடம்) கேட்டால் சொல்லுவார். தள்ளுவண்டியை எல்லோரும் நடந்த தடத்திலேயே இழுக்காமல் கொஞ்சம் தள்ளி இழுங்கள். தூங்கும் புல் இலை இழப்பைத் தாங்கும், ஒரே இடத்தில் ஓயாமல் மிதிபடுவதைத் தாங்காது. குளிர்காலத்தில் உறைபனி விழுந்த காலையில் மைதானத்தை மூடி வைத்தால் எங்களோடு சண்டை போடாதீர்கள். உறைந்த இலையை மிதித்தால் உள்ளே செல் உடைகிறது. அந்தக் காலடித் தடம் கறுத்துப்போய் நாள்கணக்கில் தெரியும்.

இன்னொன்று, இது புல் விஷயம் இல்லை. ஆனாலும் இதனால் ஆட்டத்தையே தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோல்ஃபுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது, 1969லேயே நிறுத்திவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து வருகிறவர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனை எழுத்தைப் (Leuchars) பார்த்து 'லியூசார்ஸ்' என்று படித்துவிட்டு, அந்தப் பெயர் காதில் விழும் என்று காத்திருப்பார்கள். அறிவிப்பில் வருவது 'லூகர்ஸ்'. நாம் 'பகல்' என்னும்போது க தொண்டையில் லேசாக உரசுமே, அந்த க. இங்கிலாந்துக்காரர்களுக்கே தகராறு செய்யும் இந்த ஒலி நமக்கு எளிது. கவனிக்காமல் உட்கார்ந்திருந்தால் ரயில் டே நதிப் பாலத்தைத் தாண்டி டண்டீக்குப் போய்விடும். திரும்பி வருவதற்குள் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க உங்களுக்கு ஒதுக்கிய நேரம், போயிருக்கும்.

'கில்கான்குஹார்' என்று எழுதியிருக்கும் ஊர் 'கினகர்'. கிர்க்கால்டியில் ல் வராது, 'கர்காடி'. 'வெமிஸ்' இல்லை, 'வீம்ஸ்'. தூத்துக்குடியை டூட்டிகோரின் என்று கேட்டு முகம் சுளித்த நாம், இந்த ஊர்க்காரர்களிடம் நாலு பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். ஹோட்டலில் கேளுங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்கள். மைதானத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் 999ஐ (இங்கே அவசர உதவி எண்) அழைக்கும்போது மட்டும் உச்சரிப்பை நம்பாதீர்கள்: ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், மைதானத்தின் பெயர், எத்தனையாவது ஹோல் என்பதையும் சேர்த்து. பிறகு உடனே கிளப்ஹவுஸையும் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட எங்களில் ஒருவர் வாசலுக்கு வந்துவிடுவோம்.